அமிர்தவல்லியின் மூக்கு

“மூஞ்சி எங்கடா?” என்றார் பெரியகருப்பன்.

நீளத் தாள். அதன் ஓரத்தில் ஒரே இழுப்பில் ஒரு சடை, நுனியில் குஞ்சம். மற்றதெல்லாம் வெள்ளை.

“அந்த வெத்தெடத்துலதான் இருக்கு சித்தப்பா. பாக்குறவுக மனசு வரைஞ்சுக்கிரும்” என்றான் வெள்ளைச்சாமி. ரங்கூனில் ஒரு சீனரின் படக்கடையில் ஐந்து வருஷம் மை அரைத்துவிட்டு ஆலங்குடிக்குத் திரும்பியவன்.

பெரியகருப்பனின் மகள் அமிர்தவல்லிக்கு முன்பல் இரண்டும் அவளுக்கு முன்னால் நடக்கும். போட்டோ பார்த்த இரண்டு வரன்கள் பதில்கூடப் போடவில்லை. மிச்சம் இருந்தது மீமிசல் வரன் ஒன்றுதான். வேறு வழியின்றி, போட்டோவுக்குப் பதில் இந்தப் படத்தை வெள்ளைச்சாமியிடமே கொடுத்து மீமிசலுக்கு பஸ் ஏற்றினார்.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் தாயார் சொர்ணத்திடமிருந்து கடுதாசி வந்தது: ‘பெண்ணின் மூக்கு எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.’

பெரியகருப்பன் கடுதாசியோடு வெள்ளைச்சாமியிடம் ஓடினார். “எந்த மூக்குடா? அழகக் கொஞ்சம் கொறச்சு வேற வரைஞ்சு குடுத்துட்டு வா!”

“கொறைக்கணும்னா மையைத்தானே சித்தப்பா கொறைக்கணும்?” வெள்ளைச்சாமி சடையை விட்டுவிட்டுக் குஞ்சத்தை மட்டும் வரைந்து, மறுபடி பஸ் ஏறினான்.

அடுத்த கடுதாசி: ‘இதில் பெண் இன்னும் களையாக இருக்கிறாள். கடலுக்குப் போகிறவர்கள்கூட ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் தோணி ஏறுகிறார்கள்.’

இனி மறைக்க முடியாதென்று, ‘என் மகளுக்குப் பல் எடுப்பு’ என்று தாமே எழுதிப் போட்டார்.

‘இவ்வளவு அடக்கமான சம்பந்தி யாருக்குக் கிடைப்பார்? வெள்ளிக்கிழமை வருகிறோம்.’

பதினேழு பேர் வந்தார்கள். அமிர்தவல்லி வெற்றிலைத் தட்டோடு வந்து நிமிர்ந்தாள். பெரியகருப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

சொர்ணம் பெண்ணைப் பார்த்தாள். கூட வந்த பதினாறு பேரையும் பார்த்தாள். ஊரெல்லாம் காட்டி மெச்சிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“அச்சு அசல் படத்துல பாத்த மொகந்தான்!” என்றாள்.

“அதே மூக்கு!” என்றார் ஒரு மாமா.

“பல்லுகூட அப்பிடியே இருக்கு!” என்றது பின்வரிசை.

பெரியகருப்பனுக்குப் போன உயிர் வந்தது. “என்ன ஆத்தா, தட்ட மாத்திக்கிரலாமா?” என்றார் மகளிடம்.

அமிர்தவல்லி மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வேணாம்ப்பா. வெள்ளைச்சாமி அண்ணன் மாப்பிள்ளையையும் வரைஞ்சு கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துச்சு, மீசை மட்டும். மிச்சத்த நான் நெனச்சு வச்சிருக்கேன். அது இவுக இல்ல.”