மேக டாக்டரின் டம்ளர்

பழனி மலைத்தொடர் முழுக்கத் தேடினாலும் மேக டாக்டரைப் போல முடிவெடுக்கத் தெரியாத மனிதர் கிடைக்க மாட்டார். இட்லியா தோசையா என்று கேட்டால் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்ப்பார். மேகம் அட்டுவம்பட்டியைத் தாண்டிப் போய்விடும், பதில் வராது. கடைசியில் நானே தட்டில் ஒரு இட்லி, அரை தோசை வைத்துவிடுவேன்.

செண்பகனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே மேல்படிப்பு படிக்கும் டாக்டர்கள் விடுதியில் நான் சமையல்காரன். அவர் பொது மருத்துவம் படிக்க வந்தவர்.

இன்னொரு கிறுக்கும் அவரிடம் உண்டு. மற்றவர்கள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு போனைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் நான் டீ ஊற்றும்போது டம்ளரைத் தூக்கி, கெட்டில் மூக்குக்குக் கீழேயே பிடிப்பார். கெட்டில் ஆடுகிற பக்கமெல்லாம் டம்ளரும் ஆடும். மழைத்துளி பிடிக்கிற குழந்தை மாதிரி இருக்கும்.

எனக்கு அது வசதிதான். ஏனென்றால் என் வலது கை நடுங்கும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் குளிர் என்பேன். கொடைக்கானலில் அந்தப் பொய் நன்றாகவே செல்லும்.

மூன்று வருடப் படிப்பில் இரண்டு மாதம் மட்டும், டாக்டர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து மதுரையில் போய்க் கற்றுக்கொள்ளலாம். அதற்கு எலெக்டிவ் என்று பெயர். இருதயமா, சிறுநீரகமா, நரம்பா, சுகரா? இட்லி தோசைக்கே திணறுகிறவரிடம் இதைக் கேட்டால் என்ன ஆகும்! எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவருடைய ஃபார்ம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய மேடம் சாப்பாட்டு அறைக்கே வந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணி. அதுக்குள்ள வரலைன்னா மிச்சம் கெடக்குற எடத்துல தூக்கிப் போட்டுருவேன். அப்புறம் மேகத்துக்கிட்ட போய் அழுங்க."

அன்றிலிருந்து மேக டாக்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார்.

"சுகரை எடுங்க தம்பி, ஊரே அதுலதான் ஓடுது" என்று பஜார் மளிகைக்கடை பாய் தன் காலை நீட்டிக் காட்டினார்.

மேல்மலைப் பூண்டு விவசாயி ஒருவர் வார்டில் குப்புறப் படுத்தபடியே சொன்னார்: "இடுப்பை எடுங்க சாமி. இடுப்பு நிமிந்தா மத்ததெல்லாம் தன்னால நிமிரும்."

டவுன் பஸ் கண்டக்டர், "நெஞ்செரிச்சலுக்குன்னு தனியா படிப்பு இருக்குங்களா சார்?" என்று விசிலை வாயிலிருந்து எடுத்துக் கேட்டார்.

அவரவர் வியாதிக்கே அவரவர் சிபாரிசு. டாக்டர் பொறுமையாகக் கேட்டு, ஆளுக்கொரு மருந்துச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அதுதான் அதிசயம். வியாதி என்று வந்தால் மனிதர் மேகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மேகம் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. அடுப்பு, பாத்திரம் எல்லாம் மிதப்பது போல இருந்தது. அதற்குள்ளிருந்து அவர் வந்தார், கையில் வெள்ளை ஃபார்ம்.

"அண்ணே, ஊரையே கேட்டுட்டேன். உங்களைக் கேக்கலயே?"

"எனக்கு என்னங்க சார் தெரியும்? எனக்கு ஒரு நோயுமில்லீங்க."

"சரி, டீ ஊத்துங்க."

ஊற்றினேன். டம்ளர் வழக்கம்போல மேலே வந்தது. அன்று அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமாப் பிடிக்கிறேன்ணே. முன்னெல்லாம் இவ்வளவு கிட்டக்க பிடிக்க வேண்டியதில்ல."

கெட்டிலைக் கீழே வைத்தேன். "சோலி போயிரும் சார். மேடம்கிட்ட சொல்லிராதீங்க" என்றேன்.

"நான் சொல்லல. இதைப் பத்தி எனக்கு அரைகுறையாத்தான் தெரியும். அதை வச்சு உங்களைப் பயமுறுத்த வேணாம்னு சும்மா இருந்தேன். அது தப்புண்ணே. முழுசாக் கத்துக்கிட்டு வர்றேன், நீங்களும் ஒருநாள் மதுரைக்கு வாங்க."

பேனாவைத் திறந்தார். ஜன்னல் பக்கம் பார்க்கவேயில்லை. 'நரம்பு' என்று எழுதிவிட்டு வெளியே ஓடினார். ஒரு நிமிடத்தில் மேகத்துக்குள்ளிருந்து அதே தலை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, ஆபீஸ் எந்தப் பக்கம்? வெரசா சொல்லுங்க!"

சொன்னபடி நானும் ஒருநாள் மதுரைக்குப் போனேன். அங்கே நரம்புக்கான பெரிய டாக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, பயப்படும்படியான நடுக்கம் இல்லை என்று ஒரு மாத்திரை கொடுத்தார். விஷயம் மேடம் காதுக்கும் போனது. "கைதானே நடுங்குச்சு? சாம்பார் நடுங்கலையே" என்றார், அவ்வளவுதான்.

இரண்டு மாதப் படிப்பு முடிந்து மேக டாக்டர் திரும்பி வந்தார். என் கை நடுக்கம் அதற்குள் நன்றாக நின்றுவிட்டது. ஆனாலும் கெட்டிலைச் சாய்த்ததும் அவர் டம்ளர் தானாக மேலே வந்தது. கீழே வையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.