சிவப்பு விழுந்தால் போன் வரும்

சுவர் டிவி அன்றைக்கும் முழுப்பச்சையாக இருந்தது. ஹர்ஷினிக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

பட்டாசு ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேர் செய்கிற சிவகாசிக் கம்பெனி அது. பொய்யாக ஆர்டர் போட்டு, பில் அடித்து, லோடு ஏற்றிப் பார்க்கும் டெஸ்டுகள் நாள் முழுக்கத் தாமாகவே ஓடும். தேறினால் டிவியில் பச்சை, தவறினால் சிவப்பு. கோயம்புத்தூர் கிளையிலும் அதே நொடியில் அதே நிறம் தெரியும். அவள் பக்கத்து நாற்காலியிலிருந்து டெஸ்டுகளைக் கவனித்து வந்த பிரபாகரனை அங்கேதான் மாற்றியிருந்தார்கள். சிவப்பு விழுந்தால் போன் செய்வான். விழாவிட்டால் அவனுக்குக் காரணமில்லை, அவளுக்குத் தைரியமில்லை.

கம்பி மத்தாப்பு டெஸ்டில் வேண்டுமென்றே விலையை மாற்றினாள். சிவந்தது. போன் அடித்தது.

"என்ன ஹர்ஷினி, மத்தாப்பு போயிருச்சு?"

"தெரியலையே, பாக்கேன்."

"சரி... சாப்பிட்டீகளா?"

அந்த ஒரு கேள்வி அவளுக்குச் சாயங்காலம் வரை தாங்கியது.

மறுநாள் பயந்துபோய் விலையைத் திருத்தினாள். மத்தாப்பு பச்சையானது, புஸ்வாணம் சிவந்தது. தன் கை பட்டுத்தான் கெட்டது என்று நினைத்து அதையும் திருத்தப் பார்த்தாள். சங்குசக்கரமும் சரவெடியும் சேர்ந்து சிவந்தன.

முதலாளி ராஜபாண்டியன் வந்து நின்றார்.

"ஏம்மா, சீசன் நேரத்துல அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"சரி பண்ணிருதேன், அண்ணாச்சி."

எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினாள். டிவியில் ஒரு பச்சைகூட மிஞ்சவில்லை.

"அந்தப் பிரபாகரன நேர்லயே வரச் சொல்லு!" என்று கத்தினார் முதலாளி.

கம்பெனியே கலங்கி நிற்க, அவள் மட்டும் கழிவறைக்குள் போய்ச் சிரித்தாள். பிறகு வெட்கமாக இருந்தது.

காலையில் பிரபாகரன் தோள்பையோடு வந்தான். பழைய நாற்காலியில் உட்கார்ந்து, டிவியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"எளைச்சுட்டீக."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"எல்லாம் என்னாலதான். மத்தாப்ப நான்தான் வேணும்னே கெடுத்தேன்."

"எதுக்கு?"

"நீங்க போன் பண்ணுவீகள்ல."

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போடுவதற்குள் மேஜைமேல் போன் அடித்தது. ஹர்ஷினி எடுத்தாள். கோயம்புத்தூர் மேனேஜர் கற்பகவல்லி.

"பிரபா வந்து சேர்ந்துட்டானா, கண்ணு? ஒரு மத்தாப்புக்கெல்லாம் சிவகாசி வரைக்கும் அனுப்ப முடியாதுன்னு சொன்னேன். மிச்சத்தையெல்லாம் இங்க உக்காந்து அவனே சிவக்க வெச்சுட்டுக் கிளம்பிட்டான்!"