காலஞ்சென்ற மணமகன்

வீட்டில் கணினி படித்தவன் ஒருவன் இருந்தால், அந்த வீட்டுக்கு வேறு எதிரி தேவையில்லை. ஊர்காவற்றுறையில் அப்போது சமாதான காலம். நான் யாழ்ப்பாணத்தில் ஏதோ படித்துவிட்டு வந்து, சந்தியில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அக்காவின் கல்யாண அழைப்பிதழை நானே அச்சடித்துத் தருவதாக வீரம் பேசினேன். (யாரும் கேட்கவில்லை.)

மாப்பிள்ளை நயினாதீவு. தகப்பன் இல்லாதவர். முறைப்படி அந்தத் தகப்பனின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டேன். வினை என் அப்பாவின் பெயரில் இருந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர், சமாதான நீதவான், கோயில் பரிபாலன சபை முன்னாள் உபதலைவர் என்று ஒன்றும் விடாமல் போடச் சொன்னார்.

அச்சிடும் மென்பொருளில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெட்டி. வெள்ளைக்காரன் தன் பெயரின் நீளத்துக்குத்தான் நினைவகத்தில் இடம் ஒதுக்கியிருந்தான். நமக்கு ‘கொ’ ஓரெழுத்து. அந்தக் கணினிக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று. அப்பாவின் பெருமை பெட்டி நிரம்பி வழிந்து, பக்கத்துப் பெட்டியில் இருந்தவர்களை இடித்துத் தள்ளிவிட்டது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தாளில் ‘காலஞ்சென்ற’ நகர்ந்துபோய் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் திரையை மட்டும் பார்த்தேன்.

அம்மாவும் அப்பாவும் முதல் அழைப்பிதழோடு நயினாதீவுக்குப் புறப்பட்டுப் போனார்கள். மீதி அழைப்பிதழ்களின் மூலைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தினாள்.

“தம்பி, இவர் எப்பயடா செத்தவர்?”

அவள் கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் பல்லி சொன்னாலே பயணத்தை நிறுத்துகிற மனுசி. இதைப் பார்த்தால் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்.

கடைக்கு ஓடி, அப்பாவின் பட்டங்களை எல்லாம் வெட்டிவிட்டு ஒன்று அடித்தேன். சரியாக வந்தது. கடைக்கார அண்ணையின் மோட்டார் சைக்கிளில் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் பறந்தேன். வழியில் சோதனைச் சாவடியில் நேவிக்காரன் அழைப்பிதழை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படகுக்காரரோ ஆட்கள் சேரும்வரை அசையவில்லை. “அண்ணை, கெதியா எடுங்கோ” என்று கெஞ்சினேன். “என்ன தம்பி, செத்தவீடோ?” என்றார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாப்பிள்ளையின் குரல் கேட்டது. தாயாருக்குக் கண் மங்கல். மகனைக் கொண்டு வாசிப்பித்துக்கொண்டிருந்தார். அப்பா தன் பட்டங்களை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பகுதிக்கு வந்ததும் குரல் நின்றது.

“என்ன ராசா, நிப்பாட்டிப்போட்டாய்?”

“ஒண்டுமில்லையம்மா” என்றவர், ‘காலஞ்சென்ற’வை எடுத்துத் தன் தகப்பனுக்கே கொடுத்து, தன் பெயரை உயிரோடு வாசித்து முடித்தார்.

மாப்பிள்ளை வாசல் படலைவரை என்னோடு வந்தார். புதிய அழைப்பிதழை நீட்டினேன்.

“தம்பி, உம்மடை அக்காவைக் கட்டினாப் பிறகுதான் நான் சாகவேணும். நீர் அவசரப்பட்டிட்டீர்.”

பிறகு ஒரு நாள் கணினி திருத்த வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இது சும்மா பிழையில்லை, ஓட்டை. நீளமாய் எதையாவது குடுத்து ஆரும் உள்ளுக்கை பூந்திடலாம்” என்றார். எங்கள் அப்பா ஏற்கெனவே பூந்துவிட்டார் என்றேன்.

கல்யாணம் நடந்தது. பின்னர் சண்டை திரும்பவும் வந்தது. படகு ஓடாமல் அத்தான் எங்காவது மாட்டிக்கொண்டால், அக்கா சாப்பிடாமல் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பாள். மணி அடித்தால் அந்தப் பக்கம் முதலில் வருவது ஒரே வசனம்தான்.

“காலஞ்சென்றவர் கதைக்கிறன்.”

அக்கா ஒரு பாட்டம் அழுவாள். அழுது முடித்துவிட்டு என்னைத் திட்டுவாள்.