பதினாலு நாள் பட்டியல்

"இந்தப் பதினாலு நாள்ல யாரையெல்லாம் பார்த்தீங்கம்மா?"

டெஸ்டுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்த கையோடு சுகாதார ஊழியர் வாசலில் நின்று இப்படிக் கேட்டபோதுதான் பாப்பாவுக்கு உண்மையிலேயே தொண்டை வறண்டது. அதுவரை அவளுக்கு ஒரு கேடும் இல்லை.

கல்லூரி மூன்றாம் ஆண்டுக்கு வந்தும் வீட்டில் அவள் பாப்பாதான். இருப்பது இரண்டு அறை. ஊரடங்கு வந்ததும் ஒன்று அப்பாவுக்கு ஆபீஸ் ஆனது, இன்னொன்றில் அம்மாவின் தையல் மெஷின். கூடப் படிக்கும் கண்ணாடியிடம், அதாவது காதலனிடம், போனில் நாலு வார்த்தை பேச இடமில்லை. "தொண்டை கரகரங்குது" என்று எடுத்துவிட்டாள். உடனே தனி அறை கிடைத்தது. அப்பா அரண்டுபோய் சுகாதார அலுவலகத்துக்கே போன் போடுவார் என்று யார் கண்டது?

கண்ணாடியை அவள் பார்த்தது நிஜம்தான். மருந்துக்கடை வரிசையில், ஆறடிக்கு ஒன்றாகப் போட்ட வட்டங்களில் நின்றபடி, முகக்கவசத்தோடு இருபது நிமிடக் காதல். அவன் பேரைச் சொன்னால் வீட்டில் தொலைந்தாள்.

"என் ஃப்ரெண்டு குண்டூசியை மட்டும்தான் சார்."

சாயங்காலமே குண்டூசி போனில் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, எங்க வீட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்கடி. அண்ணனுக்கு நாளைக்கு இன்டர்வியூ. உன் மூஞ்சியப் பார்த்தே நாலு மாசமாச்சு."

பாப்பா ஊழியரை போனில் கூப்பிட்டாள். "தப்பா சொல்லிட்டேன் சார். நான் யாரையுமே பார்க்கல."

"அப்போ எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாத கேஸ். ரிசல்ட் வர்ற வரைக்கும் தெருவையே அடைக்கணும்மா."

மறுநாள் காலையில் தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். பால் பாக்கெட்டுகள் தகரத்துக்கு மேலாகப் பறந்து வந்தன. ஒரு நாள் தங்கிப் போக வந்த எதிர்வீட்டு மாப்பிள்ளை மாமியாரோடு வசமாக மாட்டிக்கொண்டார். தெருவே அப்பாவைக் கரித்துக் கொட்டியது.

பாப்பாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஊழியர் மறுபடி வந்ததும் அப்பா அம்மா முன்னாலேயே போட்டு உடைத்தாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல சார். தனி ரூமுக்காகப் பொய் சொன்னேன். பார்த்தது ஒருத்தனைத்தான். பால் டிப்போ பக்கத்து வீடு, கண்ணாடி போட்டிருப்பான். ரெண்டு வருஷமா அவனுக்கு நான், எனக்கு அவன். அவன் பேரு வெளியே வரக்கூடாதுன்னுதான் இவ்வளவும்."

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பாப்பாவுக்கு அழுகை முட்டினாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஊழியர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார்.

"அந்தத் தம்பியா? முந்தாநாளே டெஸ்டுக்கு வந்தாரும்மா, ரொம்ப நேர்மை. மருந்துக்கடை வரிசையில எந்தக் கிழமை எந்தப் பொண்ணைப் பார்த்தார்னு அஞ்சு பேரையும் அவரே எழுதிக் கொடுத்திருக்காரு, நீங்க வியாழக்கிழமை."