முதுகுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்

கம்பம் பள்ளத்தாக்கில் கல்யாண வயதில் இருந்த எவனைப் பற்றியும் கடவுளுக்குத் தெரியாத சங்கதிகூட விசாரணை அண்ணனுக்குத் தெரியும். கல்யாணத் தரகர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத காலம் அது. சின்னமனூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எங்கள் உரக்கடை. கடை வாசல் பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ்.

ஜாதகத்தை அவர் மதிக்கவே மாட்டார். “அது பொறந்த அன்னைக்கு எழுதுனது தம்பி. அதுக்கப்புறம் அவன் என்ன ஆனான்னு அதுல இருக்குமா?” என்பார். மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய் முடிவெட்டுபவர், டீக்கடைக்காரர், இஸ்திரி போடுபவர் என்று வரிசையாக விசாரிப்பார். கடைசியாக மாப்பிள்ளையிடமே போய் ஒரு அவசரம் என்று சைக்கிளை இரவல் கேட்பார். கொடுத்தால் நல்ல பையன். காற்றடித்துக் கொடுத்தால் தங்கம். உத்தமபாளையத்தில் ஒரு பையன் சாவியைக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே ஓடிவந்து கேரியரில் உட்கார்ந்துகொண்டான். சந்தேகப் புத்தி என்று அந்தச் சம்பந்தத்தை அன்றைக்கே ரத்து செய்துவிட்டார்.

வருஷக்கணக்காகப் பேருந்தின் கடைசி சீட்டில் குதித்துக் குதித்துப் போனதில் அண்ணனின் இடுப்பு கெட்டுப்போனது. முதலில் வலிதான். பெல்ட், தைலம், கட்டாந்தரையில் படுக்கை எல்லாம் ஆயிற்று. ஒருநாள் பேருந்திலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

“இன்னொண்ணு எங்கண்ணே?” என்றேன்.

குனிந்து பார்த்தார். நடு ரோட்டில் கிடந்தது. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நான் ஓடிப்போய் எடுத்துவந்து மாட்டிவிட்டேன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அதனால்தான் பாதம் தொங்குகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கால் அப்படியே செயலற்றுப் போய்விடலாம் என்றார் டாக்டர். கால் போனால் அண்ணனுக்குத் தொழில் போச்சு. நடக்காமல் எங்கே விசாரிப்பது?

“அப்பச் சரின்னு சொல்லிற வேண்டியதுதானண்ணே?” என்றேன்.

“ஏலே, ஆளு யாரு எவருன்னு தெரியாம முதுகைக் குடுத்துருவியா? விசாரிக்க வேணாமா?”

அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டர் குடியிருந்த தெருவுக்கே போனார். இஸ்திரி வண்டிக்காரரிடம் ஆரம்பித்தார்.

“ஆளு எப்படிங்க?”

“சுத்தமான மனுசரு. சட்டைப் பாக்கெட்டுல ஒரு துண்டுச் சீட்டுகூட மறந்து விடமாட்டாக.”

அண்ணன் என் விலாவில் இடித்தார். “கேட்டியா? பாக்கெட்டுலயே எதையும் விடாதவரு, முதுகுக்குள்ள கத்திரிய விட்டுட்டுத் தைப்பாரா?”

நான் சந்தோஷப்பட்டது தெரு முனை வரைக்கும்தான். அங்கே காய்கறிக்கார அம்மா, “வெண்டைக்காய ஒவ்வொண்ணா ஒடிச்சுப் பாக்காம வாங்கமாட்டாக” என்று சொல்லிவிட்டது. அண்ணன் முகம் இருண்டுவிட்டது. “எதையும் ஒடிக்கிற கையா இருக்கே தம்பி” என்று ஆண்டிப்பட்டி வரும்வரை புலம்பினார்.

பிறகு, அதே டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட உத்தமபாளையம் அரிசிக்கடை பாயைத் தேடிப் போனோம். அண்ணன் அவரைக் குத்தவைத்து உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, கடைசியில் ஒரு அரிசிச் சிப்பத்தையும் தூக்கிக் காட்டச் சொன்னார்.

“அண்ணே, ஆறு மாசமா நல்லாருக்கேன். ஒங்க விசாரணையில போயிரும் போலருக்கு” என்று பாய் கும்பிட்டுவிட்டார்.

பாய் செய்யலாம் என்றார். வருசநாட்டிலிருந்த அண்ணனின் மச்சான் கூடவே கூடாது என்றார். மலையேறிக் குமுளி போய் எண்ணெய்த் தடவல் பார்க்கலாம் என்றது ஒரு கோஷ்டி. ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வர ஆரம்பித்தது. செருப்பை விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டார்.

கடைசியில் ஒரு வேன் பேசி, மனைவி, மச்சான், மச்சானின் பங்காளிகள், நான் என்று டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். சின்னமனூர்ச் செவ்வாழைத் தார் ஒன்றும் ஏறியது. தாம்பூலத் தட்டுதான் குறை.

டாக்டர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அண்ணனையும் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்திருந்த என்னையும் மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார்.

“வெறும் வலின்னா நானே ஓய்வெடுங்க, பாதிப் பேருக்கு மேல தானா சரியாயிடும்னு சொல்லி அனுப்பியிருப்பேன். இது வலி இல்ல, பாதம் விழுது. ஆபரேஷன் பண்ணாலும் முழுசா திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். வெளியில இருக்கிறவங்க சொன்னதெல்லாம் இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பள்ளத்தாக்கு முழுக்கக் கேள்வி கேட்டு அலைந்த மனுஷர் கடைசியில் தன் கேள்வியைக் கேட்டார். “பயமா இருக்கு சார். படுத்தவன் எந்திரிக்காமலே போயிட்டா?”

“இதத்தான் நீங்க மொதல்ல எங்கிட்ட கேட்டிருக்கணும்” என்று டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவசரமே படாமல் பதில் சொன்னார்.

வெளியே வந்ததும் மச்சான் பாய்ந்து வந்தார். “என்ன முடிவாச்சு? யார் சொன்னாக?”

“நான் சொல்லிட்டேன் மச்சான். பண்ணிக்கிறேன்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாதம் உயரச் சில மாதங்கள் ஆயின. லேசான இழுப்பு மட்டும் தங்கிவிட்டது. “வெத்தலைல சுண்ணாம்பு கூடுன மாதிரி. பரவால்ல” என்றார்.

ஆனால் தொழில் கெட்டுப்போனது. பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒனக்குச் சம்மதமா ஆத்தா?” என்று கேட்கும் புதுப் பழக்கம் வந்துவிட்டது. அத்தனை வருஷத் தரகில் அவர் கேட்டதே இல்லாத கேள்வி. கேட்டால் சும்மா இருப்பார்களா? இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள். ஒருத்தி மேலே படிக்கப் போகிறேன் என்றாள். அவளுடைய அப்பா கடைக்கே வந்து சத்தம் போட்டார்.

“பொம்பளப் புள்ளகிட்ட என்னய்யா கேள்வி?”

“யாரு முதுகுல கத்தி படுதோ, அவுககிட்டதானய்யா கேக்கணும்?”

எனக்கு வீரபாண்டியில் பெண் பார்த்தவரும் அவர்தான். எல்லாம் பேசி முடிந்து, என் அம்மா பூ வைக்க எழுந்த நேரத்தில், கொல்லைப் பக்கம் போய் அந்தப் பெண்ணோடு வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். “புள்ள யோசிக்கணும்ங்குது. ஒரு வாரம் ஆகட்டும்” என்றார். அந்த ஒரு வாரமும் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. மறு வாரம் அவளே ஆள் அனுப்பிச் சம்மதம் சொன்னாள்.

கொல்லையில் என்ன பேசினார்கள் என்று அண்ணனும் கடைசிவரை சொல்லவில்லை, என் மனைவியும் சொல்வதாக இல்லை. அவள் என்னை யோசித்துப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள் என்ற நினைப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதைக் கொடுத்துவிட்டுப் போன மனுஷரை நினைத்தால் கண் கலங்கிவிடுகிறது.