சம்பளம் வாங்காதவர்

சம்பளம் வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சம்பளம் வராதவர்களையும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: சம்பளம் வாங்காதவர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இந்த இனம் நன்றாகச் செழித்து வளர்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்குள், நீங்கள் கேட்காமலேயே, "நான் ஒரு பைசா சம்பளம் எடுக்கறதில்ல" என்று சொல்லிவிடுவார். சொல்லும்போது வலது கை தானாக நெஞ்சுக்குப் போகும். இடது கை ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கும்.

அயனம்பாக்கம் மனோகரன் இந்த இனத்தில் பழுதில்லாத உருப்படி. 'அந்திநிழல்' என்கிற முதியோர் அறக்கட்டளையைத் தொடங்கி, அதன் நிர்வாக அறங்காவலராக இருந்தார். ஆதரவில்லாத வயசாளிகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவது அதன் வேலை. போடவும் போட்டார், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. சம்பளம் வாங்கவில்லை, அதையும் இல்லையென்று சொல்ல முடியாது. அவர் போய்வந்த கார் அறக்கட்டளையுடையது, காருக்குப் பெட்ரோல் அறக்கட்டளை போட்டது, அவர் குடியிருந்த மாடி அறக்கட்டளை வாடகை கட்டிய தலைமை அலுவலகம், அந்த மாடியில் காலையில் அவருக்கு இட்லி வைத்த மனைவி பத்மா ஊட்டச்சத்து ஆலோசகர், வாசலில் படுத்திருந்த டாமி பாதுகாப்புப் பிரிவு, கோடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வந்தது மலைப்பிரதேச முதியோர் நிலை பற்றிய கள ஆய்வு. இதில் சம்பளம் எங்கே இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

பூந்தமல்லியில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. அதை வாடகைக்கு விட்டிருந்தார். சேவை செய்கிறவன் சொந்த வீட்டில் சொகுசாக இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

கீழே கார் ஷெட்டில் சாப்பாடு நடந்தது. விலைவாசி ஏற ஏற, முதலில் அப்பளம் போயிற்று. பிறகு தயிர் மோராயிற்று. பிறகு மோர், தான் ஒரு காலத்தில் பாலாக இருந்ததையே மறந்துபோயிற்று. சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் இதுவும் நின்றுவிடும் என்று அவர்களுக்குப் பயம். மனோகரனோ அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டார்.

இந்த நிலையில் பழைய நன்கொடையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அடுப்பை அணைத்துவிடலாமா என்கிற பேச்சு வந்த நேரத்தில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு கம்பெனி பெரிய தொகை தர முன்வந்தது. கம்பெனி சார்பில் வர்ஷா என்ற பெண் வந்தாள். மெதுவாகப் பேசுகிற பெண். ஒரே ஒரு நிபந்தனைதான் என்றாள். கொடுக்கிற பத்து ரூபாயில் ஒன்பது ரூபாய் பயனாளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மனோகரன் நெஞ்சில் கை வைத்து, எல்லாமே அவர்களுக்குத்தான் என்றார். அவள் போன பிறகு ஆடிட்டர் இக்னேஷியஸ், கணக்குத் தலைகீழாக இருப்பதைச் சொன்னார்.

"சார், கார், மாடி, டாமி எல்லாமே நிர்வாகச் செலவு. சாப்பாடு மட்டும்தான் பயனாளி செலவு. இத அப்படியே காட்டினா அந்தப் பொண்ணு வந்த வழியே போயிடும்."

மனோகரனுக்கு மனசு வலித்தது. கணக்கு அவரைப் புண்படுத்தவில்லை. 'நிர்வாகம்' என்ற சொல்தான் புண்படுத்தியது. இவ்வளவு உருகிச் செய்ததற்கு இதுதானா பெயர்? அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து, பயனாளி என்றால் யார் என்று படித்தார். 'அறுபது வயதைக் கடந்து, பிறர் ஆதரவில் வாழ்பவர்' என்று போட்டிருந்தது. அறுபதை அவர் கடந்திருந்தார். பிறர் ஆதரவு? தாம் கடைசியாகக் கைக்காசு போட்டுப் பெட்ரோல் அடித்தது எப்போது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. கரண்ட் பில்? அதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலமாக ஆதரவில்லாத ஒரு முதியவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அவரை அறக்கட்டளையில் சேர்க்காமல் விட்டிருக்கிறோமே.

மறுநாளே மனோகரனும் பத்மாவும் பயனாளிகளாகப் பதிவானார்கள். கார், முதியோர் நடமாட்ட உதவியானது. ஏசி, முதியோர் வெப்பத் தணிப்பு. டாமி, தனிமை போக்கும் சிகிச்சை. இக்னேஷியஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது, அறங்காவலர் பதவியை விட்டுவிட வேண்டும் என்றார். விட்டுவிடலாம். ஆனால் அந்த இடத்தில் யாரை வைப்பது? சொந்தக்காரர்களை வைத்தால் கேள்வி கேட்பார்கள். சிநேகிதர்களை வைத்தால் காரைக் கேட்பார்கள். கவலையோடு மாடியிலிருந்து குனிந்து பார்த்தார். கீழே ஷெட்டில் அத்தனை பேரும் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களைவிட நல்ல அறங்காவலர்கள் எங்கே கிடைப்பார்கள்?

ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார். ஆவடி மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த ராணி தலைவி. எஸ்டேட்டில் லேத் ஓட்டியே முதுகு வளைந்த சம்பத் செயலாளர். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விளக்கினார். போட்டார்கள். இப்போது அந்த ஐந்து பேர் தின்ற சோறு நிர்வாகச் செலவு. மனோகரன் போட்ட பெட்ரோல் முதியோர் நலம். பத்துக்கு ஒன்பது அழகாக வந்துவிட்டது. இக்னேஷியஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.

முதல் கூட்டம் மாடியில் நடந்தது. மனோகரன் வழக்கம்போலத் தம் சுழல் நாற்காலிக்குப் போனார்.

"அங்க குந்தாத சாரு," என்றாள் ராணி. "மீட்டிங்கு அறங்காவலருங்களுக்கு. பயனாளிங்கல்லாம் கீய ஷெட்டாண்ட இருக்கணும்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று மனோகரன் சிரித்தார். ஏசிக் காற்று வெளியே போகிறதென்று சம்பத் மரியாதையாக அவரை வாசலுக்கு அப்பால் அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களை இக்னேஷியஸ் கீழே வந்து சொன்னார். நடக்க முடியாதவர்களை முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கூட்டிவர இனிமேல் கார் போகும். வெயில் தாங்க முடியாத ஷெட்டுக்குப் பதிலாகச் சாப்பாடு மாடியில் நடக்கும். தலைமை அலுவலகத்தில் பயனாளிகள் குடியிருக்க விதியில்லை. பயனாளிகள் எல்லாருக்கும் சமமான சலுகை: மத்தியானம் ஒரு சாப்பாடு, தீபாவளிக்கு ஒரு போர்வை. டாமி மட்டும் பதவியில் நீடிக்கும்.

மனோகரன் மாடியேறிப் போய் ராணியிடம் நியாயம் கேட்டார். இது நான் வளர்த்த அறக்கட்டளை அம்மா என்றார். ராணி கேலி செய்யவில்லை. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் வளத்த சாரு. யாரு இல்லன்னது? அதுக்குத்தான் கடைசி வரிக்கும் உன்ன நாங்க பாத்துக்கறோம்னு எய்திகீறோம்."

பத்மா பெட்டிகளைக் கட்டினாள். பூந்தமல்லி வீட்டில் குடியிருந்தவர்களைக் காலி செய்ய வைத்து அங்கே போனார்கள். நீங்கள் நினைப்பீர்கள், மனுஷன் அதோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார் என்று. இந்த இனத்தை உங்களுக்குத் தெரியவில்லை. தமக்கென்று ஒதுக்கின சலுகையை விட்டுக்கொடுத்துப் பழக்கமே இல்லாத இனம் இது. தினமும் பஸ் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்.

வர்ஷா பார்வையிட வந்த நாளிலும் வரிசையில் தட்டோடு நின்றார். புகைப்படம் எடுத்து முடிக்கிற வரை யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. அவரே போட்ட விதிதான். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. தாடி வளர்ந்து, பஸ் நெரிசலில் சட்டை கசங்கி நின்றவரை வர்ஷாவுக்கு அடையாளம் தெரியவில்லை. கனிவாகக் கிட்டே வந்து, இந்த அறக்கட்டளைக்கு வருவதற்கு முன்னால் உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது ஐயா என்று கேட்டாள்.

எத்தனையோ மேடைகளில் பயனாளிகள் சார்பாக உருக உருகப் பேசியவர் அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"முன்னாடி நல்லா இருந்தேம்மா," என்றார். "இதே மாடியிலதான் இருந்தேன். கீழ நிக்கிற கார் என்னோடதுதான்."

வர்ஷாவின் முகம் வாடிவிட்டது. ராணியைத் தனியாக அழைத்துப் போய், ஐயாவுக்கு நினைவு பிசகுகிறது, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள், செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்றாள். ராணி மறுக்கவில்லை. மனோகரனும் மறுக்கவில்லை, இலவசமாகக் கிடைத்தது எதையும் அவர் மறுத்ததில்லை.

பணம் வந்தது. அடுப்பு அணையவில்லை. கூட்டும் பொரியலும் வைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை பாயசம்கூட உண்டு. ஒரு நாள் பாயசத்தில் முந்திரி குறைவாக இருந்தது. மனோகரன் டம்ளரைக் கிளறிப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்.

"இவ்ளோ நன்கொடை வருதே. எல்லாம் எங்கதான் போவுது?"

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நீங்கள் எந்த அறக்கட்டளையும் நடத்தவில்லை, எனக்குத் தெரியும். உங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சும்மா ஒரு பொருளாளர், அல்லது கோயில் விழாக் கமிட்டியில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். பைசா வாங்காமல் உழைக்கிறீர்கள். அதையும் நான் கேட்காமலேயே சொல்லியிருப்பீர்கள். ஒன்றே ஒன்று. இதைப் படிக்க வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. சிரமம் பார்க்காமல் எழுந்து, அதன் முதுகைத் திருப்பி, பெயின்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.