நான்காவது மீன் எந்த இட்லியில்?

பி.எஸ்ஸி. தாவரவியல் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் செடிகொடி செழிக்கும் என்று யாராவது நம்பினால், அவர்களை என் அக்காவிடம் அனுப்பி வைக்கிறேன். நாற்பது வருஷமாக அவள் ஊரெல்லாம் சொல்லிவரும் கதையை இன்று என் வாயாலேயே ஒப்புக்கொள்கிறேன். தொட்டி என்னுடையது. குழாயும் என்னுடையது. மாவு மட்டும் அம்மாவுடையது.

எண்பதுகளின் தொடக்கம். டிகிரி முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன் ('சும்மா' அப்பாவின் சொல், நான் ஆராய்ச்சி என்பேன்). திருச்சி தெப்பக்குளம் பக்கத்துக் கடை ஒன்றில் நாலு கப்பி மீனும் ஒரு கொத்து வேலம்பாசியும் வாங்கிவந்து, முழங்கை நீளக் கண்ணாடித் தொட்டியில் விட்டேன். வெங்காயமே யோசித்துத்தான் நுழையும் வீடு எங்களுடையது. பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா தொட்டியைக் கூடத்திலிருந்து சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்கு நாடு கடத்தினாள். அங்கே அலமாரியின் மேல்தட்டில், ஒரு அழுமூஞ்சி பல்பின் வெளிச்சத்தில், பாசி மஞ்சளாகி மெலிந்தது.

வெளிச்சம் போதாத செடிக்குக் கரியமில வாயு கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால், இருக்கிற வெளிச்சத்தை வைத்தே சமாளித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டால் அந்த வாயு வரும். ஆனால் ரேஷன் சர்க்கரை டப்பாவைத் தொட அம்மா விடமாட்டாள். ஈஸ்ட் என்ற பொருளோ எங்கள் வீதிக்குள் வந்ததே இல்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது, தினமும் தானாகப் பொங்கும் இட்லி மாவு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு கரண்டி மாவு, மூடியில் ஒரு துளை, துளையில் சலைன் ஏற்றுகிற மெல்லிய குழாய் (மருந்துக்கடை நண்பன் உபயம்), அதன் மறுமுனை தொட்டித் தண்ணீருக்குள். நிமிஷத்துக்கு ஒரு குமிழி வந்தது. பத்தே நாளில் பாசி துளிர்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க மெட்ராசிலிருந்து வருவதாகக் கடிதம் வந்தது. அக்காவுக்கு இருபத்தாறு, ஸ்கூல் டீச்சர். ஏற்கெனவே மூன்று இடம் வந்து, பஜ்ஜி தின்று, 'போய்க் கடிதம் போடுகிறோம்' என்று போனவர்கள்தான். இதுவும் தட்டிப்போனால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று எல்லோருக்கும் பயம். பிள்ளையின் அப்பா பரம ஆசாரசீலர், ரயிலில்கூடத் தன் கூஜாத் தண்ணீரைத் தவிர வேறு குடிக்கமாட்டார் என்று ஜாதகம் கொண்டுவந்தவர் வேறு எச்சரித்திருந்தார். ராத்திரி வண்டியில் வந்து இறங்குகிறவர்களுக்குக் காலை டிபன் இட்லி என்று முடிவாயிற்று. அம்மா பெரிய அடுக்கு நிறைய மாவு அரைத்து, சமையலறையில் இடமில்லாமல், சாமான் அறையில் அலமாரிக்கு நேர் கீழே வைத்தாள்.

இத்தனை மாவு, இத்தனை வாயு! வீணாகப் போவதை என் படிப்பு பொறுக்கவில்லை. எல்லோரும் படுத்த பிறகு அடுக்கின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, குழாயைச் செருகினேன். அம்மா எழுவதற்குள் இருட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றி ஒளித்துவிட்டு மறுபடி படுத்துத் தூங்கினேன்.

மேலே தண்ணீர், கீழே பாத்திரம், நடுவில் குழாய். பொங்கிய மாவு அடங்கியதும் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். நான்தான் பி.எஸ்ஸி. ஆயிற்றே, அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டேன்.

காலையில் வந்தவர்கள் கால் அலம்பிக்கொண்டிருந்தார்கள். மாவு ஏன் இப்படி நீர்த்துக் கிடக்கிறது என்று அம்மா முனகிக்கொண்டே அரிசி மாவைக் கலப்பது காதில் விழுந்தது. சாமான் அறைக்கு ஓடினேன். தொட்டியில் தண்ணீர் நாலு விரற்கடை குறைந்திருந்தது. மீன்களை எண்ணினேன். மூன்று. மறுபடி எண்ணினேன். அப்போதும் மூன்றுதான்.

நான் கூடத்துக்கு வந்தபோது இலையில் இட்லி விழுந்தாகிவிட்டது. பிள்ளையின் அப்பா ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயருகே கொண்டுபோனார். சொன்னால் அக்கா கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் கூஜாத் தண்ணீர் குடிக்கிறவர் வயிற்றில் கப்பி.

"மாமா, சாப்பிடாதேங்கோ," என்றேன். "அதுல மீன் இருக்கு."

(இதைவிடக் கொஞ்சம் நயமாகச் சொல்லியிருக்கலாம் என்பது அக்காவின் கட்சி.)

அப்பா என்னை அறையக் கை ஓங்கி, விருந்தாளிகளைப் பார்த்துவிட்டு, அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டார். மாவு, குழாய், வாயு எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். பெரியவர் விள்ளலை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்து, துண்டை எடுத்துக்கொண்டு, அம்மா மண்டபம் படித்துறைக் காவேரியில் தலை முழுகக் கிளம்பிவிட்டார். அப்பா பின்னாலேயே ஓடினார். அம்மா சமையலறைச் சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது.

அப்போது பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அக்கா வெளியே வந்தாள். இருந்த இட்லி அத்தனையையும் தாம்பாளத்தில் கொட்டிக் கூடத்து நடுவில் வைத்தாள்.

"அழுது என்ன பண்றது? பாவம், அந்த மீனையாவது தேடி எடுப்போம்."

ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைப் பையன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் உதவலாமா என்று கேட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது இட்லியாவது இருக்கும். முதல் பத்து முடிவதற்குள் ஸ்கூலைப் பற்றி எல்லாம் விசாரித்தாயிற்று. இருபதாவதில் தன் ஆபீஸ் மேனேஜர் தும்முவது எப்படி என்று நடித்துக் காட்டினார். முப்பதாவதில் அக்கா சிரித்தது வாசல்வரை கேட்டது. அம்மா அழுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

பெரியவர் ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது இருவரும் கடைசி இட்லியில் இருந்தார்கள். வாசற்படியிலேயே நின்று பார்த்தார்.

"அகப்பட்டதா?"

இல்லை என்றார் பிள்ளை. பெரியவர் அந்தக் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"இதுக்குள்ள எறும்பே வரிசையிலதான் போகணும். மீன் எப்படிடா போகும்?"

நான் ஓடிப்போய்த் தொட்டியில் கைவிட்டுப் பாசியை விலக்கினேன். என் கரியமில வாயுவைக் குடித்து அடர்ந்திருந்த வேலம்பாசிக்குப் பின்னால், நான்காவது மீன் சௌக்கியமாக இருந்தது.

இந்த முறை கடிதம் போடும் வேலையே இல்லை. அம்மா அவசரமாகக் கிண்டிய உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, பெரியவர் அன்றே நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். பல வருஷம் கழித்து ஒருநாள் அக்காவையும் அத்திம்பேரையும் கேட்டேன், அந்தக் குழாய்க்குள் மீன் நுழையாது என்று படித்த உங்கள் இரண்டு பேருக்குமா தோன்றவில்லை என்று.

"ரெண்டாவது இட்லியிலயே தோணித்து," என்றாள் அக்கா.

"எனக்கு உட்காரறதுக்கு முன்னாடியே," என்றார் அத்திம்பேர்.

இன்றைக்கும் அவர்கள் வீட்டில் முதல் இட்லி என் தட்டில்தான் விழும். பேரன் பேத்திகள் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். நான் பிட்டுப் பார்ப்பேன். அகப்பட்டதா என்று அத்திம்பேர் கேட்பார். இல்லை என்பேன். அவரும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு இட்லி.